வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடியிருந்தவர்

மெதுவாண்ணன் தன் வாழ்நாளில் அவசரப்பட்டுச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் பத்திரத்தில் எழுதி, பதிவு செய்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மற்றபடி நிதானமான மனிதர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, மாடியிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, இன்னொரு மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். நாற்பத்திரண்டு வருஷம். பீரோவின் முன்பக்கம் இரண்டு பேர், பின்பக்கம் இரண்டு பேர், படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இவர். "மெதுவா... இடது பக்கம் இறக்கு... மெதுவாடா, மெதுவா!" இந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். பெற்றவர்கள் வைத்த பெயரை வீட்டுவரி ரசீது மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

தொழிலில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சாமானிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் எண். சீட்டில் அந்த எண்ணுக்கு நேரே சாமானின் பெயர். புது வீட்டில் இறக்கியதும் சீட்டை நீட்டுவார். கையெழுத்து விழுந்ததா, முடிந்தது. அந்த நொடியிலிருந்து அந்தச் சாமானுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒருதரம் ஒரு அம்மா கையெழுத்துப் போட்ட பிறகு, "சோபாவை ஒரு ரெண்டடி நகர்த்திட்டுப் போங்களேன்" என்று கேட்டதற்கு, "அது உங்க சோபாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தவர்.

இந்தத் தொழிலில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் வீட்டைக் காலி செய்வது. லாரி வாசலில் நிற்கும், பிள்ளைகள் கூடத்தில் நிற்பார்கள், சண்டை நடுவில் நிற்கும். மெதுவாண்ணன் பார்த்தவரையில் பெரிய சாமானுக்காக யாரும் அடித்துக்கொண்டதில்லை. கட்டிலை, "நீயே வச்சுக்க" என்று தாராளமாகத் தள்ளிவிடுவார்கள். லாரியை மூன்று மணி நேரம் காக்கவைப்பது ஒரு எண்ணெய்க் கரண்டியாக இருக்கும். சுவர்க் கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்த இரண்டு வாத்தியார்களை அவர் பார்த்திருக்கிறார். போட்டோ ஆல்பத்தைச் சரிபாதியாகக் கிழித்து, கல்யாண மாப்பிள்ளையை ஒரு ஊருக்கும் கல்யாணப் பெண்ணை இன்னொரு ஊருக்கும் அனுப்பிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறார். பீரோவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்போ தூக்குங்கடா பார்ப்போம்" என்ற அறுபது வயது அக்காவைப் பார்த்திருக்கிறார். தூக்கினார்கள். அக்கா உள்ளேதான் இருந்தார். மெதுவாண்ணன் அன்றைக்கு 'மெதுவா' என்று இரண்டு தடவை அதிகமாகச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆகவே அறுபத்தாறு வயதில் லாரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் அவர் எடுத்த முதல் முடிவு: எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது. தன் வாசலில் லாரி நிற்கும் நாளில் உள்ளே சண்டைக்கென்று ஒரு கரண்டிகூட மிச்சம் இருக்கக் கூடாது.

ஒரு மகள், ஒரு மகன். மகள் ஊரின் மறுகோடியில் மருந்துக் கடை நடத்துகிறாள். மகன் பஸ் பணிமனையில் மெக்கானிக். இரண்டு பேருக்கும் இதுவரை சண்டை என்று எதுவும் வந்ததில்லை. வராத நோய்க்கு மருந்து கொடுப்பதில்தான் மெதுவாண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

வக்கீலம்மாவிடம் போனார். அந்த அம்மாவின் ஆபீசை மூன்று தடவை இடம் மாற்றிக் கொடுத்தவர் என்பதால் உரிமையோடு பேச்சு நடந்தது.

"உயில் எழுதிடுங்களேண்ணே. உங்க காலத்துக்கு அப்புறம் தானா போய்ச் சேரும்."

"காலத்துக்கு அப்புறம்தாங்க லாரி வருது."

"சரி, இப்பவே தானமா எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா நீங்களும் உங்க வீட்டம்மாவும் ஆயுசு வரைக்கும் அங்கேயே இருக்கலாம்னு ஒரு வரி, உங்களைக் கேக்காம எதுவும் செய்யக் கூடாதுன்னு ஒரு வரி, ரெண்டையும் சேர்த்துடறேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"குடுத்த சாமானை லாரியிலேருந்து இறக்கிட்டு, அதோட கால்ல நான் தொங்கிட்டு நிக்கறதா? குடுத்தா குடுத்ததுதாங்க."

"இது சோபா இல்லண்ணே, வீடு."

"எல்லாம் சாமான்தாங்க. இது கொஞ்சம் பெரிய சாமான்."

"வீட்டம்மாகிட்ட கேட்டுட்டீங்களா?"

"அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றார் மெதுவாண்ணன்.

உலகத்தில் எத்தனையோ பத்திரங்கள் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றுகொண்டிருக்கின்றன. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு எழுதிக்கொடுத்தார். மூன்றாவது மாடி வீடு மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி. அந்த அம்மா சொன்ன இரண்டு வரியும் சேர்க்கப்படவில்லை.

வீட்டுச் சாமான்களுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வரவழைத்து, ஏற்கெனவே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி முடித்திருந்த வீட்டை அறை அறையாகச் சுற்றிக் காட்டினார். ஒன்றிலிருந்து இருபத்தொன்பது வரை மகனுக்கு, முப்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை மகளுக்கு. கரண்டிகள் ஜோடி ஜோடியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நாற்பத்தேழாம் எண் ஒரு தையல் மெஷின். அப்போது அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவர் மனைவி உட்கார்ந்து ஒரு பச்சைத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

திரைச்சீலை தைப்பது அந்த அம்மாவின் தொழில். ஊரில் பாதி ஜன்னல்கள் அவள் கைபட்டவை. 'திரையம்மா' என்றால்தான் கடைக்காரர்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அவள் வீட்டு மெஷினை இறக்கப் போய்த்தான் மெதுவாண்ணன் அவளைப் பார்த்தார். அன்று வாங்கிய கையெழுத்துச் சீட்டை ஆபீஸ் கோப்பில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது அவர் தொழில் வாழ்க்கையில் நடந்த ஒரே முறைகேடு.

"நாப்பத்தேழு, அக்காவுக்கு" என்று மகன் படித்தான்.

மெஷின் நின்றது. "நான் எந்திரிக்கணுமா?" என்றாள் திரையம்மா.

"நீ தைச்சிட்டே இரு. பேருதான் மாறுது" என்றார் மெதுவாண்ணன்.

"அப்படியா" என்றாள் அவள். மெஷின் மறுபடி ஓடியது. 'அப்படியா' என்ற சொல்லுக்கு எத்தனை மாடி உண்டு என்று நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் சீட்டில் கையெழுத்து வாங்கும் மும்முரத்தில் இருந்தார்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு மகள் சொன்னாள்: "அப்பா, எங்க வீட்ல இதையெல்லாம் வைக்க எடமே இல்ல. இங்கேயே இருக்கட்டும்." மகனும் அதையே சொன்னான். மகன் எப்போதுமே கடைசியாகப் பேசியவர் பக்கம். ஆக, ஐம்பத்தெட்டு சாமான்களில் ஒன்றுகூட இடம்விட்டு நகரவில்லை. அன்று மாலை மெதுவாண்ணன் உட்காரப்போன நாற்காலியில் பன்னிரண்டு என்று ஒட்டியிருந்தது. மகனுடையது. ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

எட்டு மாதம் இப்படி ஓடியது.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் திரையம்மா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என்னங்க, நான் கீழ கொண்டுபோய்க் குடுக்க வேண்டிய திரையெல்லாம் நாலு நாளா இங்கேயே கெடக்கு. எனக்கு முட்டி முடியல. டாக்டர் படி ஏறாதீங்கன்னு சொல்லிட்டாரு."

"நான் கொண்டுபோய்க் குடுக்கறேனே?"

"ஜன்னலை நீங்க அளந்துட்டு வருவீங்களா? எனக்கு எல்லாரையும் பாக்கணும், பேசணும். ரெண்டு தெரு தள்ளிப் பல் டாக்டர் வீடு விலைக்கு வருது. தரைத்தளம். வாசல்ல ஒரே படி, அதுவும் அரைப்படி. மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. இதை வித்துட்டு அதை வாங்கிடலாம்."

மெதுவாண்ணன் கத்தரிக்கோலை நேராக நகர்த்தி வைத்தார்.

"இது நம்ம வீடு இல்லையேம்மா" என்றார் கடைசியில்.

திரையம்மா சிரித்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. "உயிரோட இருக்கறவங்களுக்குக் குடுக்கறேன்னு கெளம்பினீங்களே, நானும் அப்போ உயிரோடதானே இருந்தேன்? இந்த ரூம்லதான் உக்காந்து தைச்சிட்டிருந்தேன். என்னை மட்டும் வரிசையில கூப்பிடவே இல்லையே?"

மெதுவாண்ணன் போனைத் தேடி எடுத்தார்.

மகனுக்குப் போன் செய்தார். "வித்துடலாம்பா, அம்மாதான் முக்கியம்" என்றான் அவன், யோசிக்காமல். மகளுக்குப் போன் செய்தார்.

"விக்கறதா? அப்பா, அது நான் பொறந்து வளர்ந்த வீடு! அந்தக் கதவு நிலையில என் உயரமெல்லாம் கோடு போட்டு வச்சிருக்கு. எனக்குன்னு குடுத்துட்டு இப்போ புடுங்கறீங்களா?"

"புடுங்கல கண்ணு, அம்மாவுக்கு முட்டி..."

"நல்ல எண்ணெய் அனுப்பறேன், தேய்க்கச் சொல்லுங்க."

ஐந்து நிமிஷத்தில் மகன் திரும்பக் கூப்பிட்டான். "அக்கா சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குப்பா." கடைசியாகப் பேசியவள் அக்கா.

வக்கீலம்மாவிடம் ஓடினார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தாண்ணே விக்க முடியும். நீங்க இப்போ அங்க குடியிருக்கறவரு. அவங்க பெருந்தன்மையில" என்றார் அவர். 'அப்பவே சொன்னேனே' என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மெதுவாண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒப்பித்தார். திரையம்மா முழுசாகக் கேட்டாள். "குடியிருக்கறவங்களா?" என்றாள். "சரி. அப்போ அப்படியே இருப்போம்." போனை எடுத்தாள்.

"வீட்டுக்கார அம்மாங்களா? நாங்க மூணாவது மாடிக் குடித்தனக்காரங்க பேசறோம்."

மறுமுனையில் மருந்துக் கடைக் கூட்டத்தின் இரைச்சல். "அம்மா? என்னாச்சு?"

"பாத்ரூம்ல குழாய் ஒழுகுதுங்க. எப்போ ஆள் அனுப்புவீங்க?"

"அம்மா, கடையில நாலு பேர் நிக்கறாங்க. தம்பிகிட்ட சொல்லேன்."

"அவருக்கும் பாதி இருக்குதுங்க, இல்லேங்கல. ஆனா ஒழுகறது உங்க பாதியில."

அடுத்த நாள் பால்கனிக் கதவு ஊறிப்போய் மூடவில்லை என்று போன். அதற்கடுத்த நாள் சமையலறைச் சுவரில் ஈரம். அதற்கும் அடுத்த நாள், நாற்பத்தேழாம் எண் மெஷினுக்கு எண்ணெய் போடலாமா, உரிமையாளர் அனுமதி உண்டா என்று போன். திரையம்மாவின் குரலில் இவ்வளவு பணிவை மெதுவாண்ணன் நாற்பது வருஷத்தில் கேட்டதில்லை. அவருக்குச் சிரிப்பும் வந்தது, மாதக் கடைசியை நினைத்தால் பயமும் வந்தது. இன்னும் ஒன்பது நாள்.

"அந்தக் கதவு போன வருஷமே மூடலையே? அப்போ ஒண்ணும் சொல்லலையே நீ?" என்று கேட்டார்.

"அப்போ உங்க வீடு. பொறுத்துக்கிட்டேன். இப்போ வீட்டுக்காரங்க வேற. எதுக்குப் பொறுக்கணும்?"

ஐந்தாவது நாள் மகள் போனிலேயே வெடித்தாள். "அம்மா, போதும்மா! ஞாயித்துக்கெழமை நானே குழாய் வாங்கிட்டு வர்றேன். தம்பி மாட்டிடுவான்."

"ரொம்ப சந்தோஷங்க" என்றாள் திரையம்மா.

ஞாயிற்றுக்கிழமை தம்பி முன்னாலேயே வந்து, பைப்பை மூடிவிட்டு, ஸ்பானரும் கையுமாக மேலே காத்திருந்தான். மகள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மெதுவாண்ணன் கீழே நின்றுகொண்டிருந்தார். படிக்கட்டின் அடியில் ஒரு திரைத்துணிச் சுருள், ஆள் உயரத்துக்கு. கடைக்காரன் மாடியேற மாட்டேனென்று அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தான்.

மெதுவாண்ணன் குனிந்தார். மகள் தடுத்தாள். "நகருங்க. ஏற்கெனவே முதுகு போயிருக்கு. குடுங்க, நான் தூக்கறேன்."

"தோள்ல வச்சுக்க. மெதுவா."

முதல் மாடி வரைக்கும் மகள் பேசிக்கொண்டே ஏறினாள். அம்மாவின் போன்களைப் பற்றி, கடையில் வேலை பார்க்கும் பெண்கள் சிரிப்பதைப் பற்றி. திருப்பத்தில் ஒரு மர ஸ்டூல் கிடந்தது. சுருளை அதில் சாய்த்துவைத்து மூச்சு வாங்கினாள். ஸ்டூலுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில்.

இரண்டாவது மாடிக்குள் சுருளை இரண்டு தடவை தோள் மாற்றினாள். அங்கேயும் ஒரு ஸ்டூல். அதன் பக்கத்தில், ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பை தொங்கியது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஊசி, நூல், மடித்த திரைத்துணி ஒன்று. ஓரம் கையால் தைக்கப்பட்டுப் பாதியில் நின்றிருந்தது. சின்னச் சின்னத் தையல், ஒரே சீராக, ஒரு முழத்துக்கும் மேல்.

அப்போது இரண்டாவது மாடிக் கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "வாங்கம்மா, டீ போடட்டுமா? போன தடவை அந்த ஓரத்தைப் பாதி தைச்சிட்டுத்தானே எந்திரிச்சீங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஸ்டூலில் இருப்பது வேறு ஆள் என்று பார்த்துவிட்டு, "அய்யோ, சாரிங்க. அந்தம்மான்னு நெனச்சேன். இங்கதான் உக்காருவாங்க, ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். மேல ஏற வலு வர்ற வரைக்கும்" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.

மகள் அப்பாவைப் பார்த்தாள். மெதுவாண்ணன் ஸ்டூலைப் பார்த்தார். அதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். இரண்டாவது மாடிக்காரர்களுடையது, வழியில் போட்டிருக்கிறார்கள் என்று ஒருதரம் திட்டக்கூட நினைத்தார். இந்த ஊரில் எந்தப் படிக்கட்டுக்கு எத்தனை படி, எந்தத் திருப்பத்தில் பீரோ இடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தப் படிக்கட்டில் அவர் நின்று பார்த்ததே இல்லை. கைவீசி ஏறினார், கைவீசி இறங்கினார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது கண்ணு" என்றார். அதைச் சொல்லத்தான் அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

மிச்சப் படிகளில் சுருளின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். மகள் தடுக்கவில்லை.

திரையம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "குழாய் வாங்கிட்டு வந்தியா?"

"வீட்டை வித்துடலாம்மா" என்றாள் மகள். மூச்சு வாங்குவது இன்னும் நிற்கவில்லை.

"மொதல்ல குழாயை மாட்டுங்க. ஒழுகற வீட்டை எவன் வாங்குவான்?"

மகள் சுருளை அப்படியே கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மெதுவாண்ணனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாத்ரூமிலிருந்து மகன், "யாராவது டார்ச் பிடிங்களேன்!" என்று கத்தினான். "வித்துடலாமாம்டா!" என்று அக்கா இங்கிருந்து கத்தினாள். "நான் அப்பவே சொன்னேனே!" என்று பதில் வந்தது.

பல் டாக்டர் சொன்ன கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாக முன்பணம் கொடுத்தாயிற்று. மூன்றாவது மாடியை ஒரு இளம் ஜோடி வாங்கியது. இரண்டு பேரும் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்கள். கதவு நிலையிலிருந்த உயரக் கோடுகளை மகள் ஒரு நீளத் தாளில் அளவு பிசகாமல் பார்த்து எழுதிக்கொண்டாள். அந்த நிலையையே பெயர்த்துத் தருகிறேன் என்று மெதுவாண்ணன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புது வீடு சின்னது. ஐம்பத்தெட்டு சாமான்களும் அதற்குள் நுழையாது. "அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க. நாங்க குடித்தனக்காரங்க, காவல்காரங்க இல்ல" என்றாள் திரையம்மா. பிள்ளைகள் முழி பிதுங்க ஆளுக்கொரு பீரோவோடு வீட்டுக்குப் போனார்கள். தையல் மெஷினை மட்டும் மகள் தொடவில்லை. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "இது உன்னுதும்மா" என்றாள். "தெரியும்" என்றாள் அம்மா.

பத்திரம் திரையம்மா பெயரில் ஆயிற்று. மெதுவாண்ணனேதான் முதலில் அதைச் சொன்னார், வக்கீலம்மாவுக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால். வக்கீலம்மா பேனாவை எடுத்தார்.

"அப்போ, இவரு ஆயுசு வரைக்கும் இங்க இருக்கலாம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுக்கறீங்களாம்மா?"

திரையம்மா கணவனை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு ஜன்னலை அளக்கிற மாதிரி பார்த்தாள். "எதுக்கு அவசரம்? நடந்துக்கறதைப் பாத்துட்டு எழுதிக்கலாம்."

உயிலோ தானமோ எழுதும் உத்தேசம் உண்டா என்று மகன் விளையாட்டாகக் கேட்டான். "என் சாமானை நான் முதல்ல அனுபவிச்சுக்கறேன். யாருக்கு என்னன்னு தோணும்போது உங்க எல்லாரையும் உக்காரவச்சுக் கேட்டுட்டு எழுதறேன். கேட்டுட்டு" என்றாள். இரண்டாவது 'கேட்டுட்டு' யாருக்கு என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. சம்பந்தப்பட்டவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடிவந்து மூன்று வாரம் இருக்கும். சாயங்காலம் நான்கு மணி. மெதுவாண்ணன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் போன் செய்தாள்.

"அம்மா இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கா."

"எங்க?"

"சொல்லிட்டுப் போகலம்மா. காலையில யாரோ ஒருத்தங்க ஜன்னலை அளக்கப் போனா. வந்தா. சாப்ட்டா. மறுபடி போயிட்டா. நேத்தும் இப்படித்தான்."

"எப்போ வருவாங்க?"

"தெரியலையே" என்றார் மெதுவாண்ணன். "நீ வர்றதா இருந்தா வா. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. வர்றப்போ அம்மாவை வழியில எங்கேயாவது பாத்தா, வீட்டுக்காரர் டீக்குக் காத்திட்டிருக்காருன்னு சொல்லு."

"வீட்டுக்காரரா?"

"சரி சரி. குடித்தனக்காரர்னே சொல்லு."